பெருவிரல் மரு

மே 14, செவ்வாய்

எங்கள் கூட்டுறவுப் பண்டகசாலை அலுவலகத்துக்கு இன்று கைரேகை இயந்திரம் வந்தது. மேலாளர் திருமலைக்கொழுந்து சார் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கி, புது லாரி எடுத்தவர் போல நின்றார். இனிமேல் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து கிடையாது. காலையில் வரும்போதும் ஐந்தே முக்காலுக்குப் போகும்போதும் பெருவிரலை வைக்க வேண்டும்.

"இனிமே ஒரு ஆளு டிமிக்கி குடுக்க முடியாது" என்றார். ஆரம்பிக்கும்போது எல்லோரையும் பார்த்தார். முடிக்கும்போது என்னை மட்டும் பார்த்தார். ஏன் என்று தெரியவில்லை.

வரிசையாக விரல் வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பெண் குரல் 'நன்றி' என்றது. எனக்கு மட்டும் 'மீண்டும் முயற்சிக்கவும்' என்றது. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வைத்தேன். அதே பதில். சார் என் கையைத் திருப்பி, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"என்னம்மா உலகம்மா, வெரல்ல காலிபிளவர் பயிர் பண்ணிருக்க?"

வலது பெருவிரலில், ரேகை சுழிக்கும் இடத்தில், துவரம்பருப்பு அளவில் சொரசொரப்பாக ஒன்று இருக்கிறது. பேனா பிடித்துக் காய்த்துப்போனது என்று நினைத்திருந்தேன். மரு என்கிறார்கள். அலுவலகமே சிரித்தது. பக்கத்து சீட்டு ஷம்ஷாத் மட்டும் சிரிக்கவில்லை. அவள் வாயில் முறுக்கு இருந்தது.

மே 16, வியாழன்

இடது பெருவிரலை வைத்துப் பார்க்கச் சொன்னார் சார். அதிலும் சின்னதாக ஒன்று. அண்ணனுக்குத் தங்கை.

"ஆள்காட்டி விரலை வைக்கட்டும் சார்" என்றார் கணக்காளர் பரமார்த்தலிங்கம்.

"சுற்றறிக்கையில பெருவிரல்னு போட்டு சீல் வச்சு அனுப்பியாச்சுய்யா. இப்ப மாத்துனா நான் தப்பாப் போட்டேன்னு ஆயிரும்லா" என்றார் சார்.

ஆகவே மரு போகும்வரை நான் மட்டும் பழைய பதிவேட்டிலேயே கையெழுத்துப் போட வேண்டும். அதில் மணி எழுதக் கட்டம் இல்லை. சும்மா குறித்து வைக்கிறேன்.

மே 19, ஞாயிறு

காலையில் இட்லி, சாம்பார். அண்ணன் மகள்கள் இருவருக்கும் தலை வாரி, வாய்ப்பாடு கேட்டேன். பெரியவளுக்கு எட்டாம் வாய்ப்பாட்டில் இன்னும் தடுமாற்றம்.

சாப்பிடும்போது என் விரல்தான் பேச்சு. அண்ணன் கோமதிநாயகம், "தேரை மூத்திரம் பட்டிருக்கும். ஊதுபத்திய வச்சுச் சுட்டா உதுந்துரும்" என்றான். சுட்டுக்கொள்வது என் விரல் என்பதால் அவனுக்கு ரொம்ப தைரியம்.

மதினி சண்முகவடிவு அவனை அடக்கினாள். "உப்பும் மிளகும் வாங்கிக் கோயில் தெப்பத்துல போட்டா, உப்பு கரையுத மாதிரி கரைஞ்சிரும். இல்லைன்னா அம்மான் பச்சரிசிச் செடிய ஒடிச்சுப் பால் வைக்கணும். ஏளா உலகு, நாளைக்கே பறிச்சுட்டு வாரேன்."

நான் டாக்டரிடம் போகப்போவதாகச் சொன்னேன். "முப்பத்தெட்டு வயசுல ஒரு மருவுக்கு டாக்டரா?" என்றான் அண்ணன். வயதுக்கும் மருவுக்கும் என்ன சம்பந்தம்? இந்த வீட்டில் எதைப் பேசினாலும் என் வயதில் வந்து நிற்கும். மாப்பிள்ளை பார்ப்பதை நிறுத்தி நாளாயிற்று. வயதைச் சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை.

ஜூன் 3, திங்கள்

தோல் டாக்டர் ஜெபக்கனியின் கிளினிக்கில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். என் முன்னால் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் இடது காலில் செருப்பில்லாமல் நொண்டிக்கொண்டு உள்ளே போனார். சிறிது நேரத்தில் டாக்டரின் சத்தம் கதவைத் தாண்டி வந்தது.

"பிளேடா? உம்ம பஸ்ஸு டயர்ல ஆணி குத்துனா பிளேடால அறுப்பேரா?"

"கால் ஆணின்னு நெனச்சேன் டாக்டரம்மா."

"கால் ஆணிய மேல அமுக்குனா வலிக்கும். மருவ ரெண்டு பக்கமும் பிடிச்சு நெரிச்சா வலிக்கும். இந்தா பாரும்."

வரவேற்பறை முழுக்க அந்த ஐயோவைக் கேட்டது. கைக்குழந்தை ஒன்று பதிலுக்கு அழுதது.

என் முறை. "இது ஒரு வைரஸ்" என்றார் டாக்டர். "தேரையும் கெடயாது, சூடும் கெடயாது, முன்ஜென்மப் பாவமும் கெடயாது. தோல்ல சின்னக் கீறல் இருந்தாப் போதும், உள்ள வந்து குடியேறிரும். நகம் கடிப்பியளா?"

இல்லை என்றேன். என் நகங்களைப் பார்த்தார். "கடிக்காதிய" என்றார்.

ராத்திரி வெந்நீரில் விரலை ஊறவைத்து, செத்த தோலை மெதுவாக அரத்தால் தேய்த்து, மருவின் மேல் மட்டும் மருந்து வைத்து, பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். அந்த அரத்தை வேறு விரலுக்கோ வேறு ஆளுக்கோ பயன்படுத்தக் கூடாது. துண்டும் தனி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். அசையவில்லை என்றால் குளிர்வாயு வைத்து உறையவைப்பாராம்.

"எப்ப போகும் டாக்டர்?"

"மாசக்கணக்காகும். சிலருக்கு ஒண்ணுமே செய்யாமத் தானாவும் போயிரும். நம்ம உடம்பு அதைக் கண்டுபிடிச்சுத் துரத்தணும். அதுவரைக்கும் பொறுமை."

மருந்துக் கடையில் அந்தக் காக்கிச் சட்டைக்காரரும் அதே மருந்தை வாங்கிக்கொண்டிருந்தார். "ஒங்களுக்குக் கையிலயா? குடுத்து வச்சவங்க. எனக்கு கிளட்ச் மிதிக்கிற கால்ல" என்றார். எங்கள் அலுவலக வழியாகப் போகும் மினிபஸ்ஸை ஓட்டுகிறாராம். நாலே முக்காலுக்கு எங்கள் முக்குக்கு வருமாம், கிளினிக் வாசலில் நிற்குமாம். எதற்கு என்னிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பஸ் நேரம் எல்லோருக்கும் பொதுவான தகவல்தான்.

ஜூன் 5, புதன்

மருந்து சுள்ளென்று எரிகிறது. உளுந்து தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஜூன் 21, வெள்ளி

நல்ல சாரல். மலை தெரியவே இல்லை.

வாரத்துக்கு இரண்டு தடவை வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர் என்று அலுவலகத்தில் சொன்னேன். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை என்றுதான் அவர் சொன்னார். இரண்டிலும் 'வாரம்' இருக்கிறது. இதைப் பெரிய பொய் என்று சொல்ல முடியாது.

நாலரைக்குக் கிளம்பினேன். திருமலைக்கொழுந்து சாரின் அறையிலிருந்து இயந்திரம் தெரியும், பதிவேடு தெரியாது. மினிபஸ்ஸில் டிரைவருக்குப் பக்கவாட்டில் ஒற்றை சீட்டு ஒன்று உண்டு. காலியாக இருந்தது. அதன் மேல் ஒரு துண்டு கிடந்தது. நான் ஏறியதும் அவர் துண்டை எடுத்துவிட்டார்.

கிளினிக் வந்தது. இறங்கவில்லை, மழை. கடைசி நிறுத்தம் வரை போய் அதே பஸ்ஸில் திரும்பினேன். ஜன்னல் காற்று உடம்புக்கு நல்லது.

அவருக்கு மூன்று தங்கைகளாம். "ஒவ்வொருத்தியாக் கட்டிக் குடுத்துட்டு நிமுந்து பாக்கேன், நாப்பத்திரெண்டு" என்றார். அவர் கேட்காமலேயே என் வயதைச் சொன்னேன். அவர் ஹாரன் அடித்தார். முன்னால் மாடு நின்றது.

ஜூலை 9, செவ்வாய்

இடது விரல் மரு உதிர்ந்துவிட்டது. டாக்டருக்கு சந்தோஷம். "வலது பக்கத்துக்கும் இதே மாதிரிப் போடுங்க" என்றார்.

வலது பக்கம் பாதியாகக் குறைந்திருந்தது. மருந்து விலை இருக்கிற விலையில் கொஞ்சம் சிக்கனமாகப் போடலாம் என்று நினைக்கிறேன். தினமும் என்பதை அவ்வப்போது என்று வைத்துக்கொண்டால் போதும்.

இடது விரலை இயந்திரத்தில் வைக்கலாமே என்று யாரும் கேட்கவில்லை. நான் பிளாஸ்திரியை எடுக்கவில்லை.

நான் நாலரைக்குப் போவது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஷம்ஷாத், "யக்கா, அது ஒட்டும்தானே? எனக்கும் ஒண்ணு தாங்கக்கா. சாயந்தரம் பிள்ளைய டியூஷன்ல விடணும்" என்று பெருவிரலை நீட்டினாள். விளையாட்டுக்குத்தான். பரமார்த்தலிங்கம் விளையாடவில்லை. நிஜமாகவே வந்து தன் விரலை என் மருவில் தேய்த்துவிட்டு, அந்தக் கையாலேயே மீசையை முறுக்கிக்கொண்டு போனார். கை கழுவச் சொன்னேன். "கழுவுனா போயிரும்லா" என்றார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஆடி வெள்ளி. மதினி கொழுக்கட்டை செய்தாள்.

எங்கேயோ விசாரித்துக் குதிரை வால் முடி வாங்கி வந்திருக்கிறாள். மருவைச் சுற்றி இறுகக் கட்டினால் ரத்தம் போகாமல் விழுந்துவிடுமாம். கட்டிக்கொண்டேன். குளியலறைக்குள் போய் அவிழ்த்துவிட்டேன். மருவோடு விரலும் விழுந்துவிடக் கூடாதே.

வெளியே வந்தால் மதினி வாசலிலேயே நிற்கிறாள். "ஏளா, ஒனக்கு இது போகணுமா வேண்டாமா?"

"போகணும்தான் மதினி. யாருக்காவது மரு வேணும்னு இருக்குமா?"

"டாக்டர் வீட்டுக்குப் போயிட்டு வார சேலையில டெட்டால் வாசம்லா அடிக்கணும். டீசல் வாசம் அடிக்கி."

ரோட்டில் போகும் லாரிகளைப் பற்றிச் சொன்னேன். தென்காசியில் லாரி அதிகம் என்று அவளும் ஒத்துக்கொண்டாள். ரொம்ப சீக்கிரம் ஒத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 10, செவ்வாய்



பாலம் தாண்டி வரும் மேட்டில் பஸ் நின்று கிளம்பியது. பள்ளிக்கூடம் விட்ட நேரம், படிக்கட்டு வரை பிள்ளைகள். அவர் கிளட்சை மிதித்தார். முகம் சுண்டியது. கால் சட்டென்று நழுவ, வண்டி ஒரு உதறு உதறி அணைந்து பின்னால் உருளத் தொடங்கியது. பிள்ளைகள் கத்தினார்கள். பின்னால் பால் கேனோடு வந்தவர் சைக்கிளைப் போட்டுவிட்டுக் குதித்தார். அதற்குள் இவர் கை பிரேக்கை இழுத்து பஸ்ஸை நிறுத்திவிட்டார். யாருக்கும் ஒன்றுமில்லை. சைக்கிளுக்குக்கூட ஒன்றுமில்லை.

வண்டி ஓரங்கட்டியதும் கேட்டேன். "மருந்து போடுதியளா இல்லியா?"

அவர் முன் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார்.

"மூணு மாசமா ஏன் கொறையவே இல்ல?"

"ஜூன் மாசம் வாங்குன பாட்டில் அப்படியே இருக்கு" என்றார், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு.

"ஏன்?"

"கால் சரியாயிட்டா அந்தக் கிளினிக்கு எதுக்கு வரணும்? மரு எப்படி இருக்கு, மருந்து எரியுதான்னு எதை வச்சு ஒங்ககிட்ட..." நிறுத்திவிட்டார்.

பின் சீட்டில் கூடையோடு இருந்த அம்மா சொன்னார்: "மிச்சத்தையும் சொல்லிருய்யா. எனக்கு அடுத்த ஸ்டாப்புல எறங்கணும்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! "இத்தன பிள்ளைகளை ஏத்திக்கிட்டு, கால்ல மருவ வச்சு விளையாடுதேரா? ஒமக்கு அறிவு இருக்கா? ஒரு பிள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா?" என்று கத்தினேன். கோபத்தில் 'நீர்' என்று பேசிவிட்டேன். இதுவரை 'நீங்க'தான்.

"நாளைக்கே போயி ஐஸ் வைக்கேன்" என்றார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. அவருக்குக் கண் கலங்கியிருந்தது. வலியாக இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து என் மருந்துப் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். அதுவும் பாதிக்கு மேல் இருந்தது. அது வேறு விஷயம்.

செப்டம்பர் 11, புதன்

பஸ்ஸை இன்னொரு டிரைவரிடம் விட்டுவிட்டு அவர் கிளினிக்குக்கு வந்திருந்தார். நானும் போயிருந்தேன். டாக்டர் எங்கள் இருவரையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார். புகை விடும் ஒரு குடுவையிலிருந்து பஞ்சுக் குச்சியில் தொட்டு வைத்தார். பனிக்கட்டியும் நெருப்பும் ஒரே இடத்தில் கடித்தது போல இருந்தது. நான் கத்தவில்லை. அவர் கத்தினார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல புத்தி வந்திருக்கு" என்றார் டாக்டர். "ரெண்டு பேரும் சேந்தா வந்திய?"

"ஆமா" என்றேன் நான். "இல்ல" என்றார் அவர்.

டாக்டர் எங்கள் சீட்டில் ஏதோ எழுதுவது போலக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது.

அக்டோபர் 7, திங்கள்

பரமார்த்தலிங்கத்துக்கு மரு வந்துவிட்டது. பெருவிரலில் அல்ல, மேல் உதட்டில், மீசைக்கு அடியில். விரலில் வரவில்லை, முறுக்கிய இடத்தில் வந்திருக்கிறது. அதன் மேல் சவரக்கத்தி பட்டால் வரிசையாகப் பரவும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மீசையை எடுக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. நாளுக்கு நாள் அது சாமியார் மீசையாகிக்கொண்டு வருகிறது.

"எனக்கும் பதிவேடு வேணும் சார்" என்று திருமலைக்கொழுந்து சாரிடம் போய் நின்றார்.

"மெஷின் விரலைத்தான்யா கேக்கு, மீசையக் கேக்கல" என்றார் சார்.

ஷம்ஷாத்துக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. தனித் துண்டு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

மருந்தைத் தினமும் போடுகிறேன். அவரும் போடுகிறார். பஸ்ஸில் ஏறியதும் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்கிறேன்.

நவம்பர் 18, திங்கள்

மரு போய்விட்டது. இருந்த இடத்தில் புதுத் தோல், அதில் மெல்லிய ரேகைகள், ஏதோ பிறந்த குழந்தையின் விரல் மாதிரி. அவர் காலும் போன மாதமே சரியாகிவிட்டது.

இன்னும் சில நாள் பிளாஸ்திரியோடு இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஷம்ஷாத் கண்டுபிடித்து, "யக்காவுக்குப் போயிருச்சு!" என்று சந்தோஷத்தில் கத்திவிட்டாள். சார் என்னை இயந்திரத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

'நன்றி' என்றது அந்தப் பெண் குரல்.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஐந்தே முக்காலுக்கு மறுபடி விரல் வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

நவம்பர் 21, வியாழன்

எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 9, திங்கள்

மாவு ஆட்டினேன். பெரியவளுக்கு எட்டாம் வாய்ப்பாடு வந்துவிட்டது.

அவருடைய போன் நம்பர் இருக்கிறது. மரு இருந்தபோது கூப்பிட்டால் மருந்து பற்றிக் கேட்கலாம். இப்போது என்ன கேட்பது? அவரும் கூப்பிடவில்லை. அவருக்கும் அதே கஷ்டமாக இருக்கலாம், அல்லது கஷ்டமே இல்லாமலும் இருக்கலாம்.

"ஒனக்கு மேலுக்கு முடியலையா?" என்றாள் மதினி. நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன். "மரு போனவ மாதிரி இல்லியே, மாடு போனவ மாதிரில்லா இருக்க" என்றாள்.

டிசம்பர் 22, ஞாயிறு

மலையடிவாரத்து சாஸ்தா கோயிலில் பொங்கல் வைக்கப் போவதாகவும், சொந்தக்காரர்கள் எல்லோருக்குமாக ஒரு வண்டி சொல்லியிருப்பதாகவும் மதினி நேற்றுத்தான் சொன்னாள். காலையில் அரிசி, வெல்லம், பானையோடு தெருமுனைக்குப் போனேன். நிற்பது அந்த மினிபஸ். அவர் வெள்ளைச் சட்டையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் கதவைத் திறப்பதற்குப் பதில் வைப்பரைப் போட்டுவிட்டார். மழையே இல்லை.

மதினியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பானையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"ரெண்டு தரம் அந்த பஸ்ல ஏறிப் பாத்துட்டேன்" என்றாள் மெதுவாக. "பிள்ளத்தாச்சி ஒருத்தி ஏறுனா, அவ உக்காந்த பொறவுதான் வண்டிய எடுக்காரு. பாத்த வரைக்கும் எனக்குத் திருப்தி."

"அண்ணன் என்ன சொல்லுவானோ. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்க..."

"எம் பிள்ளைகளுக்குப் பேன் பாத்தே தலைல நரை வந்துட்டு ஒனக்கு. பாடத்த டியூஷன்ல படிக்கட்டும். ஒங்க அண்ணன நான் பாத்துக்கிடுதேன். ஏறு வண்டில."

சொன்னபடியே அண்ணனைப் பக்கவாட்டு ஒற்றை சீட்டில் உட்கார வைத்தாள். நான் பிள்ளைகளோடு கடைசி வரிசையில். முன்னால் என்ன பேசுகிறார்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. அண்ணனின் தலை முதலில் விறைப்பாக இருந்தது. கோயிலுக்குப் போய்ச் சேருவதற்குள் ஆடத் தொடங்கியது. பொங்கல் பொங்கும்போது அவரும் வந்து குலவைச் சத்தத்துக்கு நடுவே நின்றார். என்னிடம் ஒரே ஒரு வார்த்தை பேசினார்: "கால் நல்லாருக்கு." "கையும் நல்லாருக்கு" என்றேன். அது போதுமானதாக இருந்தது.

திரும்பும்போது அண்ணன் பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: "ஏ உலகு, நம்ம தெருவுக்குள்ள இந்த வண்டியத் திருப்பிருவேன்ங்காரு இவரு. ஆட்டோவே திரும்பாது அங்க. திருப்பிட்டா ராத்திரி நம்ம வீட்டுலதான் சாப்பாடுன்னு சொல்லிட்டேன்."

சொந்தக்காரர்கள் எல்லோரும் இறங்கி வாசல்களில் நின்று பார்த்தார்கள். அவர் முன்னே எடுத்தார், பின்னே எடுத்தார், மறுபடி முன்னே. கிளட்சை மிதிக்கும் காலை மட்டும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட முகம் சுண்டவில்லை. எதிர் வீட்டுச் சுவருக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு தோசைக் கரண்டிதான் போகும். திரும்பிவிட்டது. தெருவே விசில் அடித்தது. அண்ணன் போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். "பேரு கேக்கவே இல்லியே?" என்றான்.

"ஆவுடையப்பன்."

நான் இதுவரை இங்கே பெயர் எழுதவில்லை போலிருக்கிறது. மறந்திருப்பேன்.

ஒன்பது தோசை சாப்பிட்டாராம். நான் எண்ணவில்லை, மதினி சொன்னாள். அவர் போன பிறகு அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே, "வார ஞாயித்துக்கெழம அவரு தங்கச்சிகளெல்லாம் நம்ம வீட்டுக்கு வாராங்களாம். எதுக்குன்னு கேக்க மாட்டியா?" என்றான்.

கேட்கவில்லை. கடைக்குப் போய் உளுந்து வாங்கி வந்தேன், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு.